எதிர்வாதத்தை முதலில் எழுதிய காதி



நீளமான பதிவு இது. நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்துவிட்டு இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

மீலாத் போட்டிகள் நடக்கும் காலத்தில் எமது பாடசாலைகளில் ஒரு பெயர்ப்பட்டியல் வெளியே வரும். இப்னு ஸீனா, அல்-குவாரிஸ்மி, இப்னுல் ஹைதம், இப்னு ருஷ்த். மாணவர் மேடையேறி மூன்று நிமிடத்தில் இந்தப் பெயர்களை வரிசையாக ஒப்புவித்து, ஐரோப்பா இவர்களிடமிருந்துதான் படித்தது என்று முடிப்பார். கைதட்டுவோம், சான்றிதழ் கொடுப்போம். அடுத்த வருடம் வரை அந்தப் பெயர்கள் மீண்டும் பெட்டிக்குள் போய்விடும்.

இந்தப் பட்டியலில் இப்னு ருஷ்தின் நிலை கொஞ்சம் வித்தியாசமானது. மற்றவர்களைப் பற்றி எமக்குள் பெரிய வாக்குவாதம் வருவதில்லை. இவரைப் பற்றி மட்டும் இரண்டு கதைகள் உலாவுகின்றன.

முதலாவது கதை: இப்னு ருஷ்த் பகுத்தறிவின் நாயகர். இமாம் கஸ்ஸாலி சிந்தனையின் கதவைப் பூட்டினார், இவர் திறக்கப் பார்த்தார், முஸ்லிம்கள் இவருடைய நூல்களை எரித்தார்கள், ஐரோப்பா அவற்றை எடுத்துக்கொண்டு முன்னேறியது. இரண்டாவது கதை: அவர் கிரேக்கத் தத்துவத்தில் மயங்கி வழிதவறியவர். அவர் போன்றோருக்கு இமாம் கஸ்ஸாலி முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டார். ஆகவே அவரை வாசிக்க வேண்டியதில்லை.

இரண்டு கதைகளும் வசதியானவை. ஒன்று எமக்குக் குற்றவாளியைக் காட்டித் தருகிறது. மற்றது எமக்குத் தடையுத்தரவு தருகிறது. எதை நம்பினாலும் அந்த மனிதரின் நூலைக் கையில் எடுக்க வேண்டிய தேவை எமக்கு வருவதில்லை.

இந்தப் பதிவில் நாம் சொல்ல வருவது இதுதான். இப்னு ருஷ்த் விட்டுச் சென்றவற்றில் எமக்கு இன்று மிகவும் தேவையானது, கருத்து வேறுபாட்டை அவர் கையாண்ட முறை. எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறார், எதை வைத்துச் சொல்கிறார் என்பதை முதலில் முழுமையாக எடுத்து வைப்பார். அதன் பிறகே தனது பதிலைச் சொல்வார். அந்த முறையை அவர் கிரேக்கர்களிடம் இரவல் வாங்கவில்லை. எமது பிக்ஹுக் கல்வியின் மடியில் வளர்ந்தது அது. அதைத்தான் நாம் வகுப்பறையிலும் பள்ளிவாசலிலும் முகநூலிலும் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டிருக்கிறோம்.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம்.

அபுல் வலீத் முஹம்மத் இப்னு ருஷ்த், ஹிஜ்ரி 520 இல், அதாவது கி.பி. 1126 இல் அந்தலுஸின் குர்துபா நகரில் பிறந்தார். இன்றைய ஸ்பெயினில் அது கோர்டோபா. அவருடைய பாட்டனாரின் பெயரும் முஹம்மத் இப்னு ருஷ்த் தான். அவர் குர்துபாவின் தலைமைக் காதியாக இருந்தவர், மாலிகி மத்ஹபின் பெரும் அறிஞர், பேரன் பிறந்த அதே வருடத்தில் வபாத்தானவர். இருவரையும் பிரித்தறிய பாட்டனாரை 'அல்-ஜத்' என்றும் பேரனை 'அல்-ஹபீத்' என்றும் நூல்கள் குறிப்பிடுகின்றன. தகப்பனாரும் காதி. ஆக, மூன்று தலைமுறையாக நீதி வழங்கிய வீட்டுப் பிள்ளை இவர். இமாம் மாலிக்கின் முவத்தாவை மனனம் செய்தவர். பிக்ஹும் ஹதீஸும் படித்த பிறகு மருத்துவம், வானியல், தத்துவம் என்று போனார்.

திருமண இரவும் தகப்பனார் மரணித்த இரவும் தவிர, அறிவு வந்த நாள் முதல் அவர் வாசிப்பையும் ஆய்வையும் விட்ட இரவு இல்லை என்று வரலாற்றாசிரியர் இப்னுல் அப்பார் பதிந்திருக்கிறார். கூட்டிச் சொல்லப்பட்டதாகவே இருந்தாலும், அந்தக் காலத்து மக்கள் அவரை எப்படிப் பார்த்தார்கள் என்பது அதில் தெரிகிறது.

அவருடைய ஆரம்ப கால நூல்களில் ஒன்று, உஸூலுல் பிக்ஹில் ஒரு பெரிய நூலின் சுருக்கம். எந்த நூலின் சுருக்கம் தெரியுமா? இமாம் கஸ்ஸாலியின் 'அல்-முஸ்தஸ்ஃபா'. ஆம், கஸ்ஸாலிக்கு மறுப்பு எழுதியவர் என்று நாம் அறிந்து வைத்திருக்கும் அதே மனிதர், கஸ்ஸாலியின் நூலைப் படித்து, சுருக்கி, ஒழுங்குபடுத்தித்தான் எழுத்து வாழ்வைத் தொடங்கியிருக்கிறார். இருவரையும் குத்துச்சண்டை மேடையில் நிறுத்தி வைத்திருக்கும் எமது கதையில் இந்தச் செய்திக்கு இடமே இல்லை.

அடுத்து அவருடைய 'பிதாயத்துல் முஜ்தஹித்'. இதைத்தான் நாம் கூடுதலாகப் பேச வேண்டும். ஐரோப்பா இவரைத் தத்துவஞானியாக அறிந்தது. மத்ரஸா உலகம் இவரை பிதாயாவின் ஆசிரியராக அறிந்தது. ஒப்பீட்டு பிக்ஹுக்கு இன்றும் பல நாடுகளின் இஸ்லாமியப் பல்கலைக்கழகங்களில் வாசிக்கப்படும் நூல் அது. மாலிகி மத்ஹபில் பிறந்து வளர்ந்து, அதிலேயே தீர்ப்பு வழங்கிய ஒருவர் அதை எழுதினார். ஆனாலும் தனது மத்ஹபை வெல்ல வைப்பதற்காக அவர் அதை எழுதவில்லை.

அந்த நூலின் அமைப்பு எளிமையானது. ஒரு விடயத்தை எடுப்பார். அதில் அறிஞர்கள் எதில் ஒன்றுபட்டார்கள் என்று சொல்வார். எதில் வேறுபட்டார்கள், யார் யார் என்ன சொன்னார்கள் என்று அடுக்குவார். அதன் பிறகு, அவர்களுடைய கருத்து வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்று விளக்குவார். இந்த மூன்றாவது படிதான் அந்த நூலின் உயிர்.

ஓர் உதாரணம். தலாக் சொல்லப்பட்ட பெண் மூன்று 'குருஃ' காத்திருக்க வேண்டும் என்கிறது குர்ஆன். அந்தச் சொல்லுக்கு அரபு மொழியில் மாதவிடாய் என்றும் பொருள் உண்டு, இரண்டு மாதவிடாய்களுக்கு இடையிலான சுத்த காலம் என்றும் பொருள் உண்டு. இமாம் மாலிக்கும் இமாம் ஷாபிஈயும் சுத்த காலம் என்று எடுத்தார்கள். இமாம் அபூ ஹனீபா மாதவிடாய் என்று எடுத்தார். ஒரு பெண்ணின் இத்தா எப்போது முடிகிறது என்பதே இதனால் மாறுகிறது. இப்னு ருஷ்த் இரு தரப்பின் ஆதாரங்களையும் வைத்துவிட்டு, சொல்லே இரண்டு பொருளுக்கும் இடம் தருகிறது என்பதைக் காட்டுகிறார். இதைப் படித்த மாணவர் மறு மத்ஹபைச் சேர்ந்தவரை அறிவில்லாதவர் என்று நினைக்க மாட்டார். அவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது என்று விளங்கிக்கொள்வார்.

இன்னோர் உதாரணம் எமக்கு இன்னும் நெருக்கமானது. ஓர் ஊரில் பிறை கண்டால் இன்னோர் ஊரார் அதை ஏற்க வேண்டுமா? ஒவ்வொரு றமழானிலும் எமது நாட்டில் குடும்பங்களையே இரண்டாக்கும் கேள்வி இது. பிதாயாவிலும் இது வருகிறது. ஷாமிலிருந்து மதீனா வந்த குரைப், அங்கே ஒரு நாள் முந்திப் பிறை கண்டதைச் சொன்னபோது, இப்னு அப்பாஸ் (ரழி) அதை மதீனாவுக்கு எடுத்துக்கொள்ளாத ஹதீஸை இப்னு ருஷ்த் கொண்டு வருகிறார். ஏற்கவேண்டும் என்றவர்களின் கருத்தையும் கொண்டு வருகிறார். ஹதீஸின் வெளிப்படையான பொருளும் ஆய்வறிவும் இங்கே எப்படி ஒன்றோடொன்று உரசுகின்றன என்று காட்டுகிறார். அருகிலுள்ள ஊர்களும், நீளத்தாலும் அகலத்தாலும் தொலைவில் உள்ள ஊர்களும் ஒன்றல்ல என்று சொல்கிறார்.

இதைச் சொல்பவர் வானத்தைப் பார்த்த மனிதர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1153 இல் மொரோக்கோவின் மர்ராகிஷ் நகரில் அவர் வான ஆய்வு செய்தார். அந்தலுஸில் தான் வாழ்ந்த பகுதியில் தெரியாத ஸுஹைல் நட்சத்திரத்தை அங்கே கண்டார். ஊர் மாறினால் வானம் மாறுகிறது என்பதைக் கண்ணால் கண்டவர், பூமி உருண்டை என்பதற்கு அதை ஆதாரமாகவும் எழுதினார். அவருக்குள் காதியும் வானியலாளரும் தனித்தனி அறைகளில் இருக்கவில்லை.

பிறை விடயத்தில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல இந்தப் பதிவு எழுதப்படவில்லை. அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். நாம் கேட்பது வேறு. உள்நாட்டுப் பிறை என்பவரிடம் சர்வதேசப் பிறைக்காரரின் ஆதாரத்தை நேர்மையாக எடுத்துச் சொல்லும்படி கேட்டால், எம்மில் எத்தனை பேர் சொல்வோம்? மறுபக்கம் கேட்டாலும் இதே கதைதான். நோன்பும் பெருநாளும் பிரிகின்றன, கோபம் வளர்கிறது. காரணம் மட்டும் யாருக்கும் தெரியாது.

பிதாயாவில் ஆசிரியர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. நாணய மாற்றுப் பற்றிய அத்தியாயத்தில் வருகிறது. நிறைய மஸ்அலாக்களை மனனம் செய்தவரே சிறந்த பகீஹ் என்று நினைப்பவர்களைப் பற்றி அவர் ஓர் உவமை சொல்கிறார். காலணி தைக்கத் தெரிந்தவர் சிறந்த தொழிலாளியா, நிறையக் காலணிகளைக் கையிருப்பில் வைத்திருப்பவர் சிறந்த தொழிலாளியா? கையிருப்பில் உள்ள எந்தக் காலணியும் பொருந்தாத பாதத்தோடு ஒருவர் நிச்சயம் ஒருநாள் வருவார். அப்போது கையிருப்புக்காரரும் தைக்கத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும்.

எண்ணூறு வருடங்களுக்கு முந்திய இந்த உவமை எமது பரீட்சை மண்டபங்களுக்குள் எவ்வளவு சுலபமாக நுழைந்துவிடுகிறது பாருங்கள். கடந்த கால வினாத்தாள், மாதிரி விடை, மனனம். நாம் காலணிகளை அடுக்கிக் கொடுத்து அனுப்புகிறோம். பொருந்தாத பாதம் வரும்போது பிள்ளை திகைத்து நிற்கிறது.

இனி தத்துவத்துக்கு வருவோம்.

முவஹ்ஹித் ஆட்சியாளர் அபூ யஃகூப் யூஸுபின் சபைக்கு இப்னு ருஷ்தை அழைத்துச் சென்றவர் இப்னு துபைல். 'ஹய் இப்னு யக்ழான்' எழுதிய அதே இப்னு துபைல். வானம் ஆதியற்றதா, படைக்கப்பட்டதா, தத்துவவாதிகள் என்ன சொல்கிறார்கள் என்று ஆட்சியாளர் கேட்டிருக்கிறார். இப்னு ருஷ்துக்குப் பயம் வந்துவிட்டது. தனக்குத் தத்துவத்தோடு தொடர்பே இல்லை என்றார். பிறகு ஆட்சியாளரே இப்னு துபைலோடு அதைப் பற்றி விரிவாகப் பேசத் தொடங்கிய பிறகுதான் இவருக்கு நா எழுந்தது. வரலாற்றாசிரியர் அப்துல் வாஹித் அல்-மர்ராகுஷி இதைப் பதிந்திருக்கிறார். அரிஸ்டாட்டிலின் நூல்கள் விளங்கவில்லை, யாராவது தெளிவாக்கித் தரவேண்டும் என்ற ஆட்சியாளரின் குறை இவருடைய பணியாக மாறியது. 1169 இல் இஷ்பீலியாவின் காதி, பிறகு குர்துபாவின் காதி, 1182 இல் அரச மருத்துவர் என்று பதவிகளைச் சுமந்துகொண்டே அரிஸ்டாட்டிலின் நூல்களுக்குச் சிறு, நடு, பெரு என மூன்று அளவுகளில் விளக்கங்கள் எழுதினார். ஆரம்ப மாணவருக்கு ஒன்று, நடுத்தரத்தாருக்கு ஒன்று, ஆய்வாளருக்கு ஒன்று. ஓர் ஆசிரியரின் கண்ணால் பார்த்தால் இந்த ஏற்பாடே பெரிய பாடம். இத்தனைக்கும் அவருக்குக் கிரேக்க மொழி தெரியாது. அரபு மொழிபெயர்ப்புகளை வைத்துத்தான் இவ்வளவையும் செய்தார்.

இமாம் கஸ்ஸாலியின் 'தஹாபுதுல் பலாஸிபா' 1095 அளவில் எழுதப்பட்டது. இப்னு ருஷ்த் பிறக்கும்போது கஸ்ஸாலி வபாத்தாகிப் பதினைந்து வருடங்கள். அந்த நூலில் கஸ்ஸாலி தத்துவவாதிகளின் 20 விடயங்களை எடுத்து விமர்சித்தார். அவற்றில் மூன்று விடயங்களுக்காக அவர்கள் மீது குப்ர் தீர்ப்பும் சொன்னார். உலகம் ஆதியற்றது என்பது, அல்லாஹ் தனித்தனி விடயங்களை அறிவதில்லை என்பது, உடல்கள் எழுப்பப்படமாட்டா என்பது.

இதற்கு இப்னு ருஷ்த் 1180 அளவில் எழுதிய பதில்தான் 'தஹாபுதுத் தஹாபுத்'. அந்த நூலைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது கஸ்ஸாலியின் சொற்கள். கஸ்ஸாலி சொன்னதைப் பகுதி பகுதியாக எடுத்து எழுதி, அதன் கீழே தனது பதிலை எழுதுகிறார் இப்னு ருஷ்த். கஸ்ஸாலியின் மூல நூல் கையில் இல்லாதவரும் அவருடைய வாதத்தை அங்கேயே வாசித்துக்கொள்ளலாம். சில இடங்களில் கஸ்ஸாலியின் விமர்சனம் சரிதான், அது இப்னு ஸீனாவைத் தாக்கும், அரிஸ்டாட்டிலைத் தாக்காது என்றும் சொல்கிறார். தனது பக்கத்துப் பெரியவர் ஒருவரின் பிழையை எதிர்த்தரப்பின் நூலுக்குப் பதில் சொல்லும்போதே ஒப்புக்கொள்ள எவ்வளவு துணிவு வேண்டும்?

அவருடைய நாவு மென்மையானது என்று நாம் சொல்லவில்லை. பல இடங்களில் கஸ்ஸாலியைக் கூர்மையாகவே குத்துகிறார். ஆனால் மறுதரப்பின் வாதத்தை மறைத்துவிட்டுக் குத்தவில்லை.

'பஸ்லுல் மகால்' என்ற சிறு நூலில் அவர் கேட்கும் கேள்வியே ஒரு காதியின் கேள்வி: தத்துவம் படிப்பது ஷரீஅத்தில் அனுமதிக்கப்பட்டதா, தடுக்கப்பட்டதா, கடமையா? படைப்புகளைச் சிந்தித்துப் பார்க்கும்படி குர்ஆன் கட்டளையிடுகிறது, அதைச் சரியான முறையில் செய்யும் கருவிகளைக் கற்பதும் தகுதியுடையவருக்குக் கடமையாகிறது என்பது அவர் வாதம். அந்தக் கருவிகளைச் செய்தவர் எமது மார்க்கத்தவராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சரியாக இருந்தால் நன்றியோடு எடுத்துக்கொள்வோம், பிழை இருந்தால் சுட்டிக்காட்டி எச்சரிப்போம் என்கிறார். குப்ர் தீர்ப்பைப் பற்றிப் பேசும்போது, வியாக்கியானத்தில் இஜ்மாவை மீறியதாகச் சொல்லி ஒருவரைக் காபிர் என்பது உறுதியான விடயம் அல்ல என்பதற்கு அவர் காட்டும் சான்று, இமாம் கஸ்ஸாலியே எழுதிய 'பைஸலுத் தப்ரிகா'. கஸ்ஸாலிக்குப் பதில் சொல்ல கஸ்ஸாலியைத் துணைக்கு அழைக்கிறார்! ஒருவரை ஆழமாக வாசித்தவரால்தான் அது முடியும். வாசிக்காமல் மறுப்பவரிடம் இருப்பது பட்டம் மட்டும்தான். காபிர், வழிகேடர், பித்அத்காரர், நவீனவாதி. இந்தப் பட்டங்கள் எமது கருத்துப் பகுதிகளில் எவ்வளவு மலிவாக விற்பனையாகின்றன என்று நாம் சொல்லத் தேவையில்லை.

அவரிடம் எமக்கு உடன்பாடில்லாத இடமும் உண்டு. ஆழமான ஆதார விளக்கங்கள் எல்லோருக்கும் உரியவை அல்ல, பொதுமக்கள் முன் வைத்தால் குழப்பம்தான் வரும் என்று அவர் நம்பினார். கஸ்ஸாலி மீது அவருக்கிருந்த குறைகளில் ஒன்றே, இந்த விடயங்களைப் பொதுமக்கள் கையில் கிடைக்கும் நூல்களில் எழுதிவிட்டார் என்பதுதான். அவர் காலத்தின் நிலையை வைத்து இதை விளங்கிக்கொள்ளலாம். ஆனால் வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளின் முன் நிற்கும் எம்மால் இதை ஏற்க முடியாது. எந்தப் பிள்ளைக்கு எது விளங்கும் என்று முன்கூட்டியே கோடு போட்டுவிட்டால் ஆசிரியத் தொழிலே முடிந்துவிடும்.

அதே மனிதர், அரிஸ்டாட்டிலின் அரசியல் நூல் தனக்குக் கிடைக்காததால் பிளேட்டோவின் 'குடியரசு' நூலுக்கு விளக்கம் எழுதினார். அதில் தனது நாட்டுப் பெண்களின் நிலையைப் பற்றி மனம் நொந்து பேசுகிறார். பிள்ளை பெறுவதற்கும் வளர்ப்பதற்கும் மட்டும் என்று அவர்களை ஒதுக்கிவிட்டதால் அவர்களுடைய திறமை என்னவென்றே தெரியாமல் போய்விட்டது, ஊர்களின் வறுமைக்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் காதி ஒருவர் எழுதியது இது. அந்த நூலின் அரபு மூலம் இன்று இல்லை. யூத அறிஞர் ஒருவர் ஹீப்ரு மொழியில் பெயர்த்ததால் மட்டுமே அது எம் வரை வந்தது.

இனி அந்தக் கசப்பான பகுதி.

1195 இல், ஆட்சியாளர் யஃகூப் அல்-மன்ஸூரின் காலத்தில், எழுபது வயதை நெருங்கிய இப்னு ருஷ்த் குற்றம் சாட்டப்பட்டார். தத்துவ நூல்களை எரிக்கும்படி உத்தரவு போனது. மருத்துவம், கணிதம், ஆரம்ப வானியல் போன்றவை மட்டும் தப்பின. அவரைக் குர்துபாவுக்கு அருகில் உள்ள அல்-யுஸ்ஸானா என்ற சிற்றூருக்கு அனுப்பினார்கள். வடக்கே கிறிஸ்தவ அரசுகளோடு போர் நடந்த காலம் அது. மக்களிடம் செல்வாக்குள்ள உலமாக்களின் ஆதரவு ஆட்சியாளருக்குத் தேவைப்பட்டது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் காரணம் சொல்கிறார்கள்.

அந்தச் சோதனைக் காலத்தில் தனக்கு நேர்ந்தவற்றில் மிகப் பெரியது எது என்று இப்னு ருஷ்தே சொன்னதாக ஒரு செய்தி பதிவாகியிருக்கிறது. பதவி போனதை அவர் சொல்லவில்லை, நூல் எரிந்ததையும் சொல்லவில்லை. தானும் மகன் அப்துல்லாஹ்வும் அஸர் நேரத்தில் குர்துபாவின் பள்ளிவாசல் ஒன்றுக்குள் போனார்கள். சிலர் கிளர்ந்தெழுந்து இருவரையும் வெளியே துரத்திவிட்டார்கள். அதைத்தான் சொன்னார். அந்த நகரின் பெரிய பள்ளிவாசலில் இமாமாக இருந்தவரின் பேரன் அவர்.

இந்த இடத்தில் முதலாவது கதைக்காரர் எழுந்து, பார்த்தீர்களா, கஸ்ஸாலியின் ஆட்கள் செய்த வேலை என்பார். கொஞ்சம் பொறுங்கள். இதே குர்துபாவில் 1109 இல், முராபித் ஆட்சியில், வேறொரு நூல் எரிக்கப்பட்டது. எது? இமாம் கஸ்ஸாலியின் 'இஹ்யா உலூமித்தீன்'. அப்போது கஸ்ஸாலி உயிரோடுதான் இருந்தார். எரித்தவர்கள் தத்துவவாதிகள் அல்லர். அவர்களும் மார்க்கத்தின் பெயரைச் சொல்லித்தான் எரித்தார்கள்.

ஆக, எரித்தவர்களின் மறுபக்கத்தில் கஸ்ஸாலியும் இப்னு ருஷ்தும் சேர்ந்தே நிற்கிறார்கள். ஒரு தலைமுறை ஒருவருடைய நூலை எரித்தது, மூன்று தலைமுறை கழித்து மற்றவருடையது. ஆட்சி மாறியது, சட்டம் பேசியவர்கள் மாறினார்கள், பழக்கம் மாறவில்லை. எமது கோபம் அந்தப் பழக்கத்தின் மீது இருக்க வேண்டும்.

ஐரோப்பா இவரை இரு கரம் நீட்டி வரவேற்றது என்பதும் பாதி உண்மைதான். 1200களின் முற்பகுதியில் மைக்கேல் ஸ்கொட் போன்றோர் லத்தீனிலும், யஃகூப் அனதோலி போன்ற யூத அறிஞர்கள் ஹீப்ருவிலும் அவருடைய விளக்கங்களைப் பெயர்த்தார்கள். தோமஸ் அக்வைனாஸ் அவரைப் பெயர் சொல்லாமல் 'விளக்கவுரையாளர்' என்றே குறிப்பிடும் அளவுக்கு மதிப்பு இருந்தது. அதே அக்வைனாஸ் 1270 இல் அவரைப் பின்பற்றியோருக்கு எதிராகத் தனி நூலே எழுதினார். அதே வருடம் பாரிஸ் நகர ஆயர் 13 கருத்துகளையும், 1277 இல் 219 கருத்துகளையும் கண்டித்துத் தடை போட்டார். அவற்றில் பல இப்னு ருஷ்தோடு தொடர்புபட்டவை. அங்கும் பயம் இருந்தது, தடை இருந்தது.

அப்படியானால் வித்தியாசம் எங்கே வந்தது? எமது கருத்தில், அங்கே தடைக்குப் பிறகும் பாடம் நடந்தது. பாரிஸ் பல்கலைக்கழகம் 1255 இலேயே அரிஸ்டாட்டிலைப் பாடத்திட்டத்தில் வைத்துவிட்டது. அரிஸ்டாட்டிலைப் படிப்பவர் இப்னு ருஷ்தின் விளக்கத்தைப் புரட்டியே ஆகவேண்டும். ஆயர் மாறினாலும் அரசர் மாறினாலும் வகுப்பும் நூலகமும் இருந்தன. இத்தாலியின் படுவா பல்கலைக்கழகத்தில் 1500கள் வரை அவரை வாசித்தார்கள். இங்கே அந்தலுஸில் அவருடைய தத்துவப் பணி ஓர் ஆட்சியாளரின் விருப்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தகப்பன் விரும்பியபோது வளர்ந்தது, மகன் முகம் திருப்பியபோது விழுந்தது. 1198 டிசம்பரில் அவர் வபாத்தானார். 1236 இல் குர்துபாவே முஸ்லிம்களின் கையை விட்டுப் போனது. மாணவர் சங்கிலி ஒன்று உருவாக அவகாசமே இருக்கவில்லை.

அவருக்குப் பிறகு முஸ்லிம் உலகில் அறிவே அணைந்துவிட்டது என்று சொல்வதும் சரியல்ல. 1259 இல் மராகாவில் பெரிய வான ஆய்வுக்கூடம் எழுந்தது. நுரையீரல் வழியான இரத்த ஓட்டத்தை விளக்கிய இப்னுந் நபீஸ் 1288 இல் வபாத்தானவர். திமிஷ்கின் பெரிய பள்ளிவாசலில் நேரம் கணிப்பவராக இருந்த இப்னுஷ் ஷாதிரின் வானியல் மாதிரிகள் 1300களைச் சேர்ந்தவை. ஒரு மனிதரின் நூல் எரிந்ததால் ஒரு நாகரிகம் இருண்டது என்பது மேடைக்கு நல்ல வசனம். வரலாறு அவ்வளவு சுருக்கமானது அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். மத்திய கால லத்தீன் உலகம் பிதாயாவை அறியவில்லை, பஸ்லுல் மகாலையும் அறியவில்லை. அங்கே அவர் காதி அல்லர், முவத்தாவை மனனம் செய்தவர் அல்லர், அரிஸ்டாட்டிலின் விளக்கவுரையாளர் மட்டுமே. அவர்கள் கையில் இருந்தது பாதி மனிதர். எமது கையில் இருந்தது மற்றப் பாதி. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு இன்று எமக்கு இருக்கிறது. நூல்கள் அச்சில் இருக்கின்றன, இணையத்திலும் கிடைக்கின்றன.

மர்ராகிஷில் அடக்கம் செய்யப்பட்ட அவருடைய உடலைப் பிறகு குர்துபாவுக்குக் கொண்டு போனார்கள். அந்தக் காட்சியைக் கண்ணால் கண்டவர் இப்னு அரபி. சுமை விலங்கின் ஒரு பக்கம் ஜனாஸாப் பெட்டி. மறு பக்கம் எடை சமமாக இருப்பதற்காக அவர் எழுதிய நூல்கள். ஒரு மனிதரின் உடலுக்குச் சமமான எடையில் நூல்கள்! அந்தச் சுமையில் எந்தப் பக்கத்தை நாம் எடுத்துக்கொண்டோம்? போட்டி மேடையில் பெயரைச் சொல்லிக் கைதட்டுவது பெட்டியைத் தூக்குவது போலத்தான்.

மறு பக்கத்தையும் எடுக்க வேண்டுமானால் பெரிய மாநாடு எதுவும் தேவையில்லை. ஆசிரியர்களாகிய எம்மால் நாளைக்கே செய்யக்கூடியவை உண்டு.

விவாதப் போட்டியில் ஒரு விதி சேர்ப்போம். பதில் சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் எதிரணியின் வாதத்தைச் சொல்ல வேண்டும். எதிரணி "ஆம், நாங்கள் சொன்னது இதுதான்" என்று ஏற்ற பிறகே மறுப்பு. அதற்கும் புள்ளி கொடுப்போம்.

இஸ்லாம் பாடத்தில் மத்ஹப் வேறுபாடு வரும்போது கரும்பலகையில் இன்னொரு நிரல் கீறுவோம். யார், என்ன சொன்னார் என்பதோடு, ஏன் சொன்னார் என்பதற்கும் ஓர் இடம். காரணம் தெரிந்த பிள்ளை இன்னொரு பள்ளிவாசலில் தொழுபவரை எதிரியாகப் பார்க்காது.

மறுப்புக் காணொளி ஒன்றைப் பகிர முன், மறுக்கப்படுபவரின் உரையை முழுமையாகக் கேட்போம். அதற்கு நேரமில்லை என்றால் பகிரவும் நேரமில்லை என்று வைத்துக்கொள்வோம்.

பாடசாலை நூலகத்துக்கும் பள்ளிவாசல் நூலகத்துக்கும் எமக்கு உடன்பாடில்லாத நூல் ஒன்றையாவது வாங்கி வைப்போம். ஒரு நிருவாக சபையின் விருப்பத்தில் தொங்கும் நூலகம், அந்தச் சபை மாறும்போது விழும். அந்தலுஸ் எமக்குத் தந்த பாடம் அது.

அல்லாஹ் இமாம் கஸ்ஸாலிக்கும் இப்னு ருஷ்துக்கும் அருள் புரியட்டும். இருவரையும் வாசிக்கும் பொறுமையை எமக்கும் எமது பிள்ளைகளுக்கும் தரட்டும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே தாராளமாக எழுதுங்கள். ஒரேயொரு வேண்டுகோள். முதலில் நாம் என்ன சொல்லியிருக்கிறோம் என்பதை உங்கள் சொற்களில் இரண்டு வரியில் எழுதுங்கள். மறுப்பை அதற்குக் கீழே எழுதுங்கள்.